பாக்குக் கிட்டங்கியில் படித்தவள்

கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றைப் பார்த்தபடி ஒரு பாக்குக் கிட்டங்கி இருந்தது. தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்தும் பந்திங்கிலிருந்தும் மாட்டு வண்டிகளில் வரும் பாக்கை அங்கேதான் கொட்டுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, காய்ந்த பாக்கை இரண்டாகப் பிளந்து, புழு அரித்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் போடுவார்கள். காலையிலிருந்து மாலை வரை வேலை அவ்வளவுதான். பாக்குத் தூசி மூக்கில் ஏறும், தொண்டையில் படியும். விரல் நுனி கறுத்துப்போகும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது.

சாந்தமேரி அங்கே வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அதற்குள் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். மூன்றாவதாகப் பிறந்த பிலோமினா மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. கணவன் ரபேல் ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அரிசி மூட்டை ஒன்று சரிந்து இடுப்பில் விழுந்த பிறகு அவனால் பாரம் எடுக்க முடியவில்லை. கொட்டகையைக் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். அது வீட்டுக்குப் போதவில்லை. அதனால்தான் சாந்தமேரி கிட்டங்கிக்கு வந்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும். அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களிடம் அது அபூர்வம். அவள் பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில், ரயில்வே லயத்தில். அப்பா தண்டவாள வேலைக்காரர். மாதா கோயில் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் வேறு யாருக்கும் எழுத்து தெரியாததால், சாயங்காலச் செபத்தைப் புத்தகம் பார்த்து வாசிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. முட்டி போட்டுக்கொண்டு, தூக்கம் கண்ணைச் சுழற்ற, பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து சொல்வதற்காக ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அப்படிப் படிப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வேலை. பிறருக்காகச் செய்யும் வேலை.

கிட்டங்கியில் அது எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு மத்தியானம். சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி சபாபதி, தான் படித்து முடித்த தமிழ் வாரப் பத்திரிகையை ரபேலிடம் கொடுப்பது வழக்கம். அதில் சோற்றுப் பாத்திரத்தைச் சுற்றி சாந்தமேரி வேலைக்கு எடுத்து வருவாள். அன்று சாப்பிட்டு முடித்துவிட்டு, சுற்றிவந்த தாளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவள் புஷ்பவல்லி. கிட்டங்கியில் மூத்தவள், வாய் பெரியவள். அவளிடம் பேச்சு வாங்காத ஆள் அங்கே இல்லை.

"என்ன மேரி, தனியா தின்னுக்கிட்டிருக்கே?"

"சாப்பிட்டாச்சுக்கா."

"சோத்தைச் சொல்லல. அந்தத் தாளைச் சொல்றேன். என்னதான் எழுதியிருக்கான், வாயைத் தொறந்து படி. நாங்களும் கேக்கிறோம்."

சாந்தமேரி படித்தாள். மலாக்காவில் ஒரு கல்யாணம், ஆற்றில் முதலை பிடித்த கதை, அரிசி விலை. மணியடித்ததும் தாளை மடித்தாள். புஷ்பவல்லி விடவில்லை.

"நிறுத்தாதே. முதலை என்ன ஆச்சு?"

"மண்டோர் வந்துடுவாருக்கா. எனக்குப் பாக்கு சேரணுமில்ல."

"உன் பாக்கை நாங்க பார்த்துக்கிறோம்லா. ஆளுக்கு ரெண்டு கை அள்ளி உன் சாக்குல போட்டா தீர்ந்தது. நீ படி."

எடைக்குத்தான் கூலி. அதனால் அது நடக்கக்கூடிய காரியமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் தான் பிளந்ததில் கொஞ்சம் அள்ளிச் சாந்தமேரியின் சாக்கில் போட்டாள். சாந்தமேரி படித்தாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தம்புசாமி முதலில் முறைத்தார். "இது கிட்டங்கியா, பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். இரண்டு வாரம் எடையைப் பார்த்த பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். பெண்கள் வெற்றிலை போட வெளியே போவது குறைந்திருந்தது. சண்டை குறைந்திருந்தது. கதை பாதியில் இருக்கும்போது யாரும் எழுந்து போவதில்லை. சில நாள் அவரே தூண் ஓரமாக நின்று, கணக்குப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பத்திரிகை தீர்ந்தால் கையில் கிடைத்தது எதுவானாலும் படித்தாள். கோயில் திருவிழா நோட்டீஸ், மருந்துக் கடை விளம்பரம், மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிய பழைய கதைப் புத்தகத்தின் கிழிந்த பக்கங்கள். முன்னும் பின்னும் இல்லாத பக்கங்களுக்கு முன்னும் பின்னும் பெண்களே சொல்லிக்கொண்டார்கள். மாமியார் விஷம் வைத்திருப்பாள் என்பாள் ஒருத்தி. மாமியார் நல்லவள், நாத்தனார்தான் வைத்திருப்பாள் என்பாள் இன்னொருத்தி. அந்தப் பேச்சு சாயங்காலம் சடக்குச் சாலையில் நடந்துபோகும்போதும் தொடரும். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒருமுறை பத்திரிகையில் போட்டிருந்தது. அதைக் கேட்டுப் போய் ஒருத்தி தன் பிள்ளைக்குக் கொடுத்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும் சாந்தமேரியிடம்தான் கேட்டார்கள், அவள் ஏதோ வைத்தியர் மாதிரி.

எல்லோரும் அவளைப் பார்த்து, உனக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் படிக்கிறாய் என்றார்கள். ஆனால் தகரக் கூரையில் மழை பெய்யும்போது அதற்கு மேலே குரலை எழுப்ப வேண்டும். பாக்குத் தூசியை விழுங்கிக்கொண்டே படிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் ரபேல் ஏதாவது கேட்பான். பதில் சொல்லக் குரல் இருக்காது. கையை மட்டும் ஆட்டுவாள். அவன் புரிந்துகொண்டு வெந்நீர் வைத்துக் கொடுப்பான். இடுப்பு வலியோடு அவன் அடுப்படியில் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போது, நாளைக்கு யாராவது வேறு ஆள் படித்தால் என்ன என்று தோன்றும். வேறு ஆள் கிடையாது. காலையில் எழுந்து மறுபடியும் போவாள்.

கிட்டங்கிப் பெண்களில் வள்ளியம்மா என்று ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசாதவள். சின்னப் பெண்ணாக இருக்கும்போது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவள். தாய் தகப்பன் இருவரும் வந்த கொஞ்ச காலத்திலேயே தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். தம்பி நாகையாவை அவள்தான் வளர்த்தாள். அவன் இப்போது கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு கல்மலையில் வெடி வைத்துக் கல் உடைக்கும் வேலையில் இருந்தான். தீபாவளிக்கு வருவான். வரும்போது அக்காளுக்குக் கண்ணாடி வளையல் கொண்டுவருவான். பாக்குப் பிளக்கும் கையில் வளையல் எத்தனை நாள் நிற்கும்? உடைந்துவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் கொண்டுவருவான். வள்ளியம்மா வாயைத் திறந்து பேசினாள் என்றால் அது நாகையாவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் மழை முடியும் சமயத்தில் ஒரு நாள், சாந்தமேரி வழக்கம்போல் பத்திரிகையைப் பிரித்தாள். முதல் பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு வந்தாள்.

"கல்மலை சரிந்து மூவர் மரணம்" என்று தலைப்பை உரக்கப் படித்தாள்.

படிக்கிறவளின் கண் எப்போதும் வாய்க்கு ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருக்கும். தலைப்பை வாய் சொல்லி முடிக்கும்போது, கண் கீழே இறங்கிவிட்டது. இறந்தவர்கள்: ரெங்கசாமி, முனியன், நாகையா. நாகையா என்பவருக்குக் கிள்ளானில் ஒரு தமக்கை இருப்பதாகக் கேள்வி, இருப்பிடம் தெரியவில்லை. இப்படித்தான் போட்டிருந்தது.

இருப்பிடம் அவளுக்குத் தெரியும். இரண்டு சாக்கு தள்ளி.

"எந்த மலைன்னு போட்டிருக்கான்?" என்று கேட்டாள் வள்ளியம்மா. அவள் கத்தி நின்றிருந்தது.

சாந்தமேரி தாளை மடியோடு அணைத்துக்கொண்டாள். "ஊர் பேர் தெரியலக்கா. அந்த இடம் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

"ஆளுங்க பேரு?"

"அதுவும் அங்கதான் கிழிஞ்சிருக்கு."

பக்கத்தைத் திருப்பி ஏதோ ஒரு கடைத் திறப்பு விழாவைப் படிக்க ஆரம்பித்தாள். படித்தது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. புஷ்பவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றைக்குத்தான்.

வேலை விட்டதும் சாந்தமேரி வள்ளியம்மாவோடு சேர்ந்து நடந்தாள். இன்னும் வெயில் இருந்தது. ஆற்றங்கரையில் மலாய்க்காரர் ஒருவர் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அருகில் வந்ததும் சாந்தமேரி நின்றாள்.

"வள்ளியக்கா, அந்தத் தாள் கிழியல" என்றாள்.

வள்ளியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே சடக்கு ஓரத்தில், செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "எப்போ?" என்று கேட்டாள். பத்திரிகை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் அவளும் அவள் புருஷனும் ரயிலேறிப் போனார்கள். நாலைந்து நாளில் திரும்பினார்கள். கல்மலைக் குத்தகைக்காரரின் ஆள் ஒருவன் மலையடிவாரத்தில் மூன்று மண்மேடுகளைக் காட்டியிருக்கிறான். எது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. மூன்றுக்கும் பொதுவாகக் கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

சாந்தமேரி படிப்பதை நிறுத்திவிட்டாள்.

காலையில் வந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு தன் பாக்கைத் தானே பிளந்தாள். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். ரபேல் பத்திரிகை கொண்டுவந்தால் அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டாள். "படிச்சுப் பார்க்கலையா?" என்று அவன் கேட்டான்.

"என்னால முடியலங்க. சாவுச் செய்தி சொல்ல ஊருக்கு ஒரு ஆள் இருப்பானே, அவன் மாதிரி ஆயிட்டேன்."

"நீயா கொன்னே? போட்டிருந்ததைப் படிச்சே."

"படிக்கக்கூட இல்ல. மறைச்சேன். ஒரு நாள் முழுக்க அவ பக்கத்துல உட்கார்ந்து மறைச்சேன்."

ரபேல் வெந்நீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கிட்டங்கி பழையபடி ஆனது. பிளக்கும் சத்தம் மட்டும். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருத்தியாக எழுந்து வெளியே போவதும், மண்டோர் விரட்டுவதும், எடை குறைவதும், ஒருத்தி பாக்கை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள் என்று சண்டை வருவதும். புஷ்பவல்லி தன் பழைய குணத்துக்குத் திரும்பி எல்லோரையும் ஏசினாள். தம்புசாமி ஒருநாள் சாந்தமேரியின் அருகில் வந்து நின்று, "தொண்டைக்குக் கற்கண்டு போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் அக்கறைப்பட்டதில்லை.

தம்பிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்து, வள்ளியம்மா வேலைக்கு வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. வந்தவள் தன் சாக்கை விரிக்காமல், நேராகச் சாந்தமேரியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தாள் வச்சிருக்கியா மேரி?"

சாந்தமேரி தலையாட்டினாள். அதை மட்டும் அவளால் அடுப்பில் போட முடியவில்லை. பையில் அடியில் மடித்து வைத்திருந்தாள்.

"எடு. அன்னைக்குப் பாதியில விட்டியே, அதைப் படி."

"வேண்டாம்க்கா. உனக்கு விஷயம் தெரியும். எதுக்கு என் வாயால மறுபடியும்?"

"எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியாதே." வள்ளியம்மா சுற்றிக் காட்டினாள். "அங்க மூணு மேடு இருந்துச்சு. எது என் தம்பின்னு சொல்ல ஆளில்ல. அவன் செத்தப்ப பேரைச் சொல்லி அழ ஒருத்தருமில்ல. நாலு பேர் கேக்க அவன் பேரை எங்கேயாவது சொல்லணும். எனக்குத் தெரிஞ்சு நாலு பேர் இருக்கிற இடம் இதுதான்."

சாந்தமேரி தாளை எடுத்தாள். புஷ்பவல்லி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். தம்புசாமி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் தலைப்பிலிருந்து படித்தாள். மலை சரிந்த விதம், காலை நேரம், மண்ணை அகற்ற எடுத்த பாடு. பிறகு பெயர்கள். ரெங்கசாமி. முனியன். நாகையா என்று சொல்லும்போது குரல் உடைந்தது. வள்ளியம்மா, "இன்னொரு தரம் சொல்லு" என்றாள். இன்னொரு தரம் சொன்னாள். அப்போதுதான் வள்ளியம்மா அழுதாள். கூடவே எல்லோரும் அழுதார்கள். நாகையாவைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும், தங்களுக்கென்று மேடு தெரியாமல் போனவர்களை நினைத்துக்கொண்டவர்களும். ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அன்று வெகுநேரம் ஒரு பாக்கும் பிளக்கப்படவில்லை.

அடங்கிய பிறகு புஷ்பவல்லி கேட்டாள்: "மத்த ரெண்டு பேருக்கு யாரு இருக்காங்கன்னு போட்டிருக்கானா?"

"ரெங்கசாமிக்குக் கோலலங்காட் பக்கம் குடும்பம்னு மட்டும் இருக்கு. முனியனுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப அவங்களுக்கும் தெரியாம இருக்கும்லா. அங்க ஒருத்தி அடுப்பை மூட்டிக்கிட்டு, புருஷன் வருவான்னு இருப்பா."

பாக்கு ஏற்றிவரும் வண்டிக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள். புஷ்பவல்லி ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சொல்லி அனுப்பினாள். கல்மலையில் வேலை பார்த்த ரெங்கசாமியின் ஆட்கள் யாராவது இருந்தால் கிள்ளான் பாக்குக் கிட்டங்கியில் வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றாள். நாட்கள் போயின. எல்லோரும் மறந்துபோன சமயத்தில், ஒரு காலையில் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்த வண்டியில் பாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து வந்தாள். ரெங்கசாமியின் மனைவி, தங்கமணி என்று பெயர் சொன்னாள். வண்டிக்காரன் வழியிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவள் நம்பவில்லை.

"எழுதியிருக்குன்னு சொன்னாங்க. நான் கேக்கணும்" என்றாள்.

சாந்தமேரிக்கு அன்று உடம்பில் தெம்பில்லை. முதல் நாள் பிலோமினாவுக்குக் காய்ச்சல், தூங்கவில்லை. அந்தத் தாளைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மடிப்புகளில் உண்மையாகவே கிழிய ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் எடுத்தாள். தங்கமணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தங்கமணி மயங்கிச் சாய்ந்தபோது பிடித்துக்கொண்டவள் வள்ளியம்மா. அன்று முழுக்க அவளைத் தன் மடியில் கிடத்திக்கொண்டிருந்தாள். அந்த மேடுகளுக்குப் போகும் வழியைச் சொன்னாள். பிறகு தானே கூட்டிக்கொண்டும் போனாள். முனியனுக்கு யாரும் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து அந்த இருவரும் கற்பூரம் ஏற்றினார்கள்.

அதன் பிறகு கிட்டங்கியில் படிப்பது நிற்கவில்லை. ஆனால் மாறியது. வெளியாட்களும் வந்தார்கள். பாசாரில் காய்கறி விற்கும் பெண், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த ஆள், பக்கத்துக் கடைச் சிப்பந்தி. வாசலில் நின்று கேட்டார்கள். ஒருவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஒரு கம்பம், ஒரு கிராமம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. காணாமல்போன அண்ணனைப் பற்றி, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தைப் பற்றி, எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் பரவுகிறது என்பதைப் பற்றி, இங்கே வந்து கேட்டால் தெரியும் என்று ஆனது. படிக்கத் தெரியாதவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பத்திரிகையில் இல்லாத செய்தி பாதி.

புஷ்பவல்லி எதிரிலிருந்து பக்கத்துக்கு இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். "நாகையா பேரு எங்க இருக்கு, காட்டு" என்று ஒருநாள் கேட்டாள். சாந்தமேரி விரல் வைத்துக் காட்டினாள். "இதுதான் 'நா'வா?" அன்றிலிருந்து எந்தத் தாளில் 'நா' வந்தாலும் கண்டுபிடித்தாள். அப்புறம் வேறு எழுத்துகள். யாரும் அவளுக்குப் பாடம் சொல்லவில்லை. இது என்ன, அது என்ன என்று காதருகே நச்சரித்துக்கொண்டே இருந்தாள். படிக்கும்போது அது சாந்தமேரிக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

வருஷங்கள் இப்படி ஓடின. சாந்தமேரியின் குரல் கரகரத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளால் பாட முடியவில்லை. முப்பது வயதில் ஐம்பது வயதுக்காரியின் இருமல் அவளுக்கு வந்தது.

பிறகு விலைகள் விழுந்தன. ரப்பர்க் கித்தா விழுந்தது, ஈயம் விழுந்தது, பாக்கும் விழுந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கிட்டங்கியில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. வேலை இல்லாத நாளிலும் பெண்கள் வந்தார்கள். தம்புசாமி கதவைத் திறந்துவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. எந்தக் கப்பல் எப்போது போகிறது, போனால் திரும்பிவர முடியுமா, அங்கே மழை உண்டா, எல்லாவற்றையும் சாந்தமேரி படித்தாள், அவர்கள் கூடிப் பேசினார்கள். அரிசி இருந்தவள் இல்லாதவளுக்குக் கொஞ்சம் முந்தானையில் முடிந்து கொடுத்தாள். யார் வீட்டில் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கதைக்கு அழுதவர்களிடம் அதை மறைப்பது கஷ்டம்.

வள்ளியம்மாவின் புருஷனுக்கு வேலை போனது. அவர்கள் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். கடைசி நாள் அவள் கிட்டங்கிக்கு வந்தாள். சாந்தமேரி அந்தப் பழைய தாளை எடுத்து நீட்டினாள்.

"நீ கொண்டு போக்கா."

"எனக்கு எதுக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதே." வள்ளியம்மா அதைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள். "நீங்க எல்லாரும் கேட்டீங்கல்ல. அது போதும். ஊர்ல போய் யார்கிட்ட சொல்லுவேன். அங்க அவனைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. இங்கதான் இருக்கீங்க."

அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் ரயில் கிளம்பும்போது சாந்தமேரியால் கையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. குரல் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் அவள் படுத்துவிட்டாள். நெஞ்சுச் சளி என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீளமான வார்டில், ஓரக் கட்டிலில் கிடந்தாள். ரபேல் தினமும் காலையில் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவான். டாக்டர் அவளைப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு யாரும் அவளை எதுவும் படிக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பிலோமினாவை நினைத்தால் மட்டும் கொஞ்சம் தோன்றும். அப்புறம் அதுவும் அடங்கிவிடும்.

ஒரு மத்தியானம் புஷ்பவல்லி வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பத்திரிகையை எடுத்தாள்.

"பேசாதே. டாக்டர் பேசக்கூடாதுன்னுதானே சொன்னாரு. கேக்கக்கூடாதுன்னு சொல்லலியே" என்றாள்.

பிறகு படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு வார்த்தை முடிந்ததும் மூச்சு வாங்கி. நகரசபை அறிவிப்பு அது. நாய் வளர்ப்பவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது விஷயம். 'லைசென்ஸ்' என்ற இடத்தில் புஷ்பவல்லி வெகுநேரம் தடுக்கி நின்றாள். சாந்தமேரிக்கு அது என்ன வார்த்தை என்று தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். புஷ்பவல்லி விரலைத் தூக்கி அடக்கினாள்.

"நானே வரேன். இரு."

அவளே வந்து சேர்ந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் தலையைத் தூக்கி, "கொஞ்சம் சத்தமாப் படிங்கக்கா" என்றாள். புஷ்பவல்லி குரலை உயர்த்தினாள். நாய்க்கு லைசென்ஸ் எடுக்காவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதை வார்டே கேட்டது. எங்கள் லயத்து நாய்களுக்கு யார் எடுப்பது என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சாந்தமேரி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அவளை எழுப்பவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். கிட்டங்கிக்குத் திரும்பியபோது வேலை குறைவாகத்தான் இருந்தது, ஆட்களும் குறைவு. பத்திரிகையைப் புஷ்பவல்லி கையில் கொடுத்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து சாக்கில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் அவள் கண் தாளில்தான் இருந்தது. கேட்பவர்களை அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தாள். ஒருத்தி உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள். ஒருத்தி கண்ணை மூடியிருந்தாள். ஒருத்தி பாக்கைப் பிளந்துவிட்டு, எந்தப் பக்கம் போடுவது என்பதை மறந்து கையிலேயே வைத்திருந்தாள். தம்புசாமி தூணில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்றிருந்தார். எல்லோர் முகத்திலும் களைப்பு அப்படியே இருந்தது. அவளுக்குள்ளும் அது போகவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை வருவதற்குள் முற்றத்தில் காய்ந்த பாக்கை வாரி உள்ளே போட வேண்டும். யாரும் எழவில்லை. புஷ்பவல்லி ஒரு நீளமான வார்த்தையோடு போராடிக்கொண்டிருந்தாள். அது முடியட்டும் என்று சாந்தமேரியும் உட்கார்ந்திருந்தாள்.